வாய் சம்மதித்தது, கை மறுத்தது

பால் பூத்தில் நின்று "ரெண்டு பாக்கெட் குடுப்பா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சரி" என்று வந்தது. பூத்துக்காரர் சிரித்தார். "இன்னா சரி? நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலியே" என்றார். மறுபடி முயன்றேன். மறுபடியும் "சரி" தான். காலங்காத்தாலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். என் கையிலிருந்த சில்லறை கீழே சிதறியதும்தான் அவர் முகம் மாறியது. வலது கை விரல்கள் விரித்தது விரித்தபடி நின்றுவிட்டன.

அப்போது எனக்கு அறுபத்திரண்டு வயது. துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் சிக்னல்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலின் மேல்தளத்தில் நின்று, கீழே சரக்கு அறையையும் மேலே சரக்குத் தூக்கும் விஞ்சு எந்திரத்தை ஓட்டுபவரையும் மாறி மாறிப் பார்த்து, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையால் சொல்வது என் வேலை. சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்ததும் நான்தான். அந்தப் பழக்கத்தில் இதை எழுதுகிறேன். இடது கையால், ஒரு நாளைக்கு ஒரு பத்தி.

அன்று நடந்த தவறை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆர்பரில் (துறைமுகத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஒருவன் வெயிலில் மயங்கினால், உப்புப் போட்ட சோடாவைக் குடிக்கவைத்து குடோன் நிழலில் படுக்கப்போடுவோம். அரை மணியில் எழுந்து வேலைக்கு வந்துவிடுவான். பூத்திலிருந்து என்னை வீட்டுக்குத் தூக்கி வந்த பழைய ஆர்பர் கூட்டாளிகளும் அதையேதான் செய்தார்கள். சோடா பாதி மூக்கில் ஏறியது, மீதி சட்டையில் வழிந்தது. மத்தியானம்வரை கிடந்தேன். இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து நினைவில் வையுங்கள். வாய் கோணி, பேச்சுத் தடுமாறி, ஒரு பக்கக் கை விழுந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கிடைத்த வண்டியில் ஏற்றி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என் கூட்டாளிகள்மேல் எனக்குக் கோபமில்லை. நானும் எத்தனையோ பேருக்கு அந்தச் சோடாவைக் கொடுத்தவன்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. வலது கையும் காலும் பலமிழந்திருந்தன. கூடவே அஃபேசியா (மூளையின் பேச்சுப் பகுதி அடிபட்டு, நினைத்த சொல் வாய்க்கு வராமல் போவது) என்றார் அந்த இளம் டாக்டரம்மா.

"நாங்க பேசறது இவருக்குப் புரியுதா டாக்டர்?" என்று என் மனைவி சரோஜா கேட்டாள்.

"பெரும்பாலும் புரியும்மா. பதிலும் உள்ளே இருக்கு. அதை வெளியே எடுக்கத்தான் முடியல. சில பேருக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் தங்கிடும். எதைச் சொல்ல வந்தாலும் அதுதான் வரும்."

எனக்குத் தங்கியது "சரி". அதே வார்டில் ஒருவருக்குக் கெட்ட வார்த்தை ஒன்று தங்கியிருந்தது. ரவுண்ட்ஸ் வரும் டாக்டர்கள் உட்பட எல்லாரையும் அதைச் சொல்லியே வரவேற்றார். அதைப் பார்த்தபின் சரோஜா சாமிக்கு நன்றி சொன்னாள். "முப்பத்தஞ்சு வருஷத்துல இவரு இத்தினி சரி சொன்னதே கெடையாது" என்று பார்க்க வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். பிறகு திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பாள்.

சிரிக்கும் விஷயமில்லை அது என்பது வீட்டுக்கு வந்தபின் புரிந்தது. இட்லி போதுமா? சரி. ஃபேனை நிறுத்தட்டுமா? சரி. பசியோடும் வியர்வையோடும் கிடந்தேன். டாக்டர் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. ஆனாலும் கேள்விக்குப் பொருத்தமான பதில் வரும்போது அதை யார் சந்தேகப்படுவார்கள்?

என் மகன் பரணி அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறான். எனக்கு வேண்டியதையெல்லாம் அவன்தான் தேடிப் பிடித்தான். அந்த வருடங்களில்தான் எங்கள் திருவொற்றியூர் பக்கமும் வயதானவர்களை நம்பித் தொழில்கள் முளைக்கத் தொடங்கியிருந்தன. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர், கை காலுக்குப் பயிற்சி கொடுப்பவர், ஆயா அனுப்பும் ஏஜென்சி என்று எண்ணூர் ஹைரோட்டின் விளக்குக் கம்பங்களில் வரிசையாக அட்டைகள் தொங்கும். என் கட்டிலும் வாக்கரும் வாடகைக்கு வந்தன. சாவு வீட்டுக்கு ஷாமியானாவும் ஐஸ் பெட்டியும் வாடகைக்கு விடும் அதே கடையிலிருந்து. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஏஜென்சி அனுப்பிய ஆயாவின் பெயர் எஸ்தர். ஐம்பது வயதிருக்கும். நீல நிறச் சேலைதான் சீருடை. நோயாளி கீழே விழக்கூடாது, குடும்ப விஷயத்தில் வாயைத் திறக்கக்கூடாது என்ற இரண்டும் ஏஜென்சியின் கண்டிப்பான விதிகள் என்று முதல் நாளே சரோஜாவிடம் சொன்னாள். இரண்டாவது விதியை அவள் இரண்டு வாரம் காப்பாற்றினாள்.

எஸ்தர் காலையில் வந்து மாலையில் போய்விடுவாள். மற்ற நேரமெல்லாம் என்னைத் தூக்கிப் புரட்டியதில் சரோஜாவுக்கு முதுகில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற வட்டு) விலகிவிட்டது. அவளால் நிமிர முடியவில்லை. பரணி என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தான்.

"நைனா, அம்மா முதுகு போச்சு. எனுக்கு லீவு இல்ல. செங்குன்றம் தாண்டி ஒரு முதியோர் இல்லம் கீது. டாக்டர், பயிற்சி எல்லாம் அங்கியே. போயி இருக்கியா?"

"சரி" என்றேன். உள்ளே நான் கத்திக்கொண்டிருந்தேன்.

அவன்மேல் குற்றமில்லை. அந்த இல்லமும் மோசமான இடமில்லை. ஆனால் பேச்சில்லாத மனிதனாக அங்கே போனால் யாருக்கும் என்னைத் தெரியாது, நான் ஒரு கட்டில் எண்ணாகிவிடுவேன் என்று பயந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது அந்த வாரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை இல்லத்திலிருந்து ஒருவர் வந்தார். கழுத்தில் டை, கையில் வழவழப்பான வண்ணப் புத்தகம். மரியாதையான மனிதர். "வயசானவங்க சம்மதம் இல்லாம நாங்க யாரையும் சேர்க்கறதில்ல. ஐயாவையே கேட்டுடலாம்" என்று என் பக்கம் குனிந்தார். "ஐயா, எங்களோட வந்து இருக்கீங்களா?"

"சரி."

"மனசார சொல்றீங்களா?"

"சரி. சரி."

அவர் மகிழ்ந்துபோனார். பையிலிருந்து படிவத்தையும் மை டப்பாவையும் எடுத்தார். பரணி என் இடது கைக் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினான். வாழ்நாள் முழுக்கக் கையெழுத்துப் போட்டவன் நான். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பிரிவுத் துக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அப்போது என் இடது கை அவன் பிடியிலிருந்து உருவிக்கொண்டது. நான் யோசித்துச் செய்யவில்லை. கை பக்கவாட்டில் நீண்டது. உள்ளங்கை தரையைப் பார்த்தது. இடமும் வலமுமாகக் காற்றை அறுத்தது. பரணி பிடித்து அமர்த்தப் பார்த்தான். மறுபடியும் நீண்டது.

"பாவம், கை உதறுது" என்றார் வந்தவர்.

கஞ்சித் தட்டோடு வந்த எஸ்தர் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"உதறல் இல்ல சார். நிப்பாட்டுன்னு சொல்லுது அந்த அண்ணன்."

எல்லாரும் அவளைப் பார்த்தோம். ஏஜென்சிக்கு வருவதற்கு முன் அவள் பல வருடம் துறைமுகத்தில் சிந்திய கோதுமை கூட்டும் வேலை செய்தவள் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. தலைக்குமேல் மூட்டைக்கட்டு தொங்கும்போது சிக்னல்மேன் காட்டும் இந்தக் கைச்சாடையைப் பார்த்துத்தான் அவள் துடைப்பத்தோடு உள்ளே போவாள், விலகி நிற்பாள். சரோஜாவும் பரணியும் என் வேலையை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. வாசலில் பாஸ் கேட்கும் இடத்துக்குள் குடும்பத்தை யார் விடுவார்கள்?

எஸ்தர் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள். "ணா, போவ இஷ்டம்னா ஏத்துன்னு சொல்லு. இஷ்டம் இல்லன்னா நிப்பாட்டு சொல்லு. வாயால வாணாம். கையால."

கையை நீட்டி அறுத்தேன். தோள் வலிக்குமளவு அறுத்தேன். அதே நேரம் என் பாழாய்ப்போன வாய் "சரி சரி" என்றது.

வந்தவர் குழம்பிப்போனார். "நான் வாய் சொன்னதை எடுத்துக்கறதா, கை சொன்னதையா?"

"ஆர்பர்ல வாய்க்கு வேலையே கெடையாது சார். அந்த விஞ்சு சத்தத்துல யாரு பேசறது காதுல வுழும்? கை சொன்னா சொன்னதுதான்" என்றாள் எஸ்தர். பிறகு பரணியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "குடும்ப விசயத்துல பேசிட்டேன் தம்பி. ஏஜென்சில சொல்லிடாத."

பரணி என் விரலில் இருந்த மையைத் தன் சட்டை முனையால் துடைத்தான். துடைத்துக்கொண்டே அழுதான். "இத்தினி நாளா இன்னா இன்னாத்துக்கு சரின்னியோ நைனா" என்றான். வந்த மனிதர் மை டப்பாவை மூடி, புத்தகத்தை மட்டும் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் எழுந்துபோனார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சியாளர் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. இந்த நோயில் ஆமாமும் இல்லையும் இடம் மாறி வருவது சகஜமாம். வாய்ச் சொல்லை நம்பாதீர்கள், இரண்டு பொருளைக் கண்முன் வைத்துக் கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள் என்றார். மூன்றாவது அறிவுரைதான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கஷ்டமாக இருந்தது.

ஏற்று, இறக்கு, நிறுத்து ஆகிய மூன்றையும் வைத்து நாங்கள் குடும்பம் நடத்தினோம். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால் இன்னும் ஒரு இட்லி. கீழே காட்டிச் சுழற்றினால் படுக்க வேண்டும். லீவுக்கு வந்திருந்த என் மகளின் குழந்தைகள் இரண்டே நாளில் கற்றுக்கொண்டு, அவர்கள் அம்மாவையும் அதே சிக்னலால் வேலை வாங்கத் தொடங்கினார்கள்.

சரோஜாவின் முதுகுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. எஸ்தர்தான் சொன்னாள். ராயபுரத்தில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர், பழைய குடோன் ஒன்றில் வயதானவர்களுக்கான பகல் நேர மையம் நடத்துகிறார். காலையில் வேன் வரும், சாயங்காலம் வீட்டில் விடும். பரணி முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். இந்த முறை என் எதிரில் உட்கார்ந்து, என் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். நான் விரலை மேலே நீட்டிச் சுழற்றினேன்.

டிபன் கேரியரோடு வேனுக்குக் காத்திருப்பது முதல் வாரம் கூச்சமாக இருந்தது. தெருவில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் கையாட்டினார்கள். பிறகு நானும் ஆட்டினேன். வாக்கரோடு பத்தடி, பிறகு கைத்தடியோடு வாசல்வரை, பிறகு தடியை மறந்துவிட்டு வேன்வரை நடந்தேன். சொற்கள் அவ்வளவு வேகமாக வரவில்லை. முதலில் "தண்ணி" வந்தது. நாலாவது மாதம், சரோஜா மாத்திரையை நீட்டியபோது "வேணாம்" என்றேன். அந்த மாத்திரையையும் விழுங்கவைத்துவிட்டுத்தான் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள்.

எஸ்தர் வேறொரு நோயாளியிடம் போய்விட்டாள். கிளம்பிய அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றி சொல்ல வாயைக் கோணிக் கோணிப் பார்த்தேன். "இன்னாத்துக்கு ணா வாய வலிக்கறே, எனுக்குப் புரிஞ்சி போச்சு" என்றாள்.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. வலது கை முழுதாகத் திரும்பவில்லை. என் உடம்பில் தங்கியிருக்கும் விருந்தாளியைப்போல அதை நடத்துகிறேன். ஒரு சொல் வாய்க்கு வர ஆகும் நேரத்தில் சரோஜா ஒரு வெங்காயம் உரித்துவிடுவாள். முன்பு எனக்கு நேரமென்றால் ஷிப்டு, சங்கு, கப்பல் கிளம்பும் அவசரம். இன்று ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் நேரம். அந்த இடைவெளியில்தான் என்னைப்போன்றவர்கள் உயிரோடு இருக்கிறோம். தயவுசெய்து அதை நீங்கள் நிரப்பிவிடாதீர்கள்.

போன மாதம் மையத்துக்கு ஒரு புதியவரை அழைத்து வந்தார்கள். மணலியில் டாங்கர் லாரி ஓட்டியவர். என் நோயேதான். பேச்சு ஒன்றுமே இல்லை. நர்சம்மா படிவம் நிரப்ப, அவர் மகள் எல்லாவற்றுக்கும் பட்பட்டென்று பதில் சொன்னாள்.

"பதினோரு மணிக்கு டீயா, காபியா?"

"டீதான் மேடம். எப்பவும் டீதான்."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகே உட்கார்ந்தேன்.

"அவர... கேளும்மா" என்றேன். சொல்லி முடிக்க நேரமானது.

"அப்பாவுக்குப் பேச்சு வராதுங்க."

"தெரி...யும். கேளு."

நர்சம்மா ஒரு கிளாஸ் டீயும் ஒரு கிளாஸ் காபியும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். காத்திருந்தோம். மகள் இரண்டு முறை வாயைத் திறந்தாள். நான் பார்த்ததும் மூடிக்கொண்டாள். ஆவி அடங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் அவருடைய இடது கை மேசைமேல் மெல்ல ஊர்ந்து, டீயைத் தாண்டிப் போய், காபியைப் பிடித்தது.

"முப்பது வருசமா எங்க வூட்ல டீதான் போட்டுகினு கீறோம்" என்றாள் மகள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஆறிப்போன அந்தக் காபியை, அடியில் இருந்த சர்க்கரைவரை, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.