அடுத்தவன் பாடு

கவியரசன் பைக்கை முறுக்கினால், பொன்னேரிக் கடையில் தாளித்த குழம்பு வாடிக்கையாளர் வீட்டுத் தட்டில் விழும்போதும் கடுகு வெடித்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். கடுகு அடங்கியிருக்கும், சூடு மட்டும் ஆறியிருக்காது.

பிறந்தது ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பம். அங்கே ஏரியில் வலை போட முறை உண்டு, பாடு என்பார்கள். இன்று ஒரு கூட்டம் இறங்கினால் நாளை அடுத்த கூட்டம். இறால் துள்ளி மடியிலேயே வந்து விழுந்தாலும், அடுத்தவன் பாடு என்றால் கை வைக்க மாட்டார்கள். வலையில் வரத்து குறைந்ததும் அவன் சாப்பாடு டெலிவரிக்கு வந்தான். பாடு மட்டும் உடம்போடு கூடவே வந்துவிட்டது.

பொன்னேரி ஸ்டேஷன் எதிரில் புங்கமரத்தடியில் எட்டுப் பேர் நிற்பார்கள். எட்டுப் பேரும் அவரவர் போனைப் பார்ப்பார்கள். ஏரியில் என்றால் அடுத்த படகுக்காரனை வம்புக்காவது இழுக்கலாம். இங்கே அவனோடு வாய் திறந்து பேசியவர் அந்தோணிசாமி ஒருவர்தான்.

அன்று காலையிலிருந்து கவியரசனுக்கு மூன்று ஆர்டர். அந்தோணிசாமிக்கு ஒன்றுகூட இல்லை. நான்காவது ஆர்டருக்குப் போன் அடித்ததும் கவியரசன் வேண்டாம் என்று அழுத்தினான்.

"அண்ணே, இது உன் பாடு. வரும் பாரு."

வரவில்லை. அடுத்ததையும் தள்ளினான். அதற்கடுத்ததையும்.

"டேய், இது இன்னா உங்க ஊரு ஏரின்னு நெனச்சியா? நீ தள்ளுனா எனக்குத்தான் வரும்னு எவன் சொன்னான்?" என்றார் அந்தோணிசாமி.

அதன்பின் கவியரசனின் போன் வாயை மூடிக்கொண்டது. இன்னும் ஒன்றைத் தள்ளினால் ஐடி பிளாக் ஆகிவிடும் என்று ஒரு வரி மட்டும் வந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? உதவி என்ற இடத்தைத் தொட்டு, 'பக்கத்து ஆளுக்கு முறை விட்டேன்' என்று தட்டினான். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று வந்தது. நான்கு தடவை தட்டினான். நான்கு நன்றி.

சாயங்காலம் ஒரே ஓர் ஆர்டர். இதையாவது காப்பாற்றிவிடலாம் என்று விரட்டிப் போனதில் சாம்பார்ப் பொட்டலம் அவிழ்ந்து பாதி கொட்டிப் போயிற்று. கதவைத் திறந்த பெண் பையைப் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை. அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

அன்றோடு அவனுக்குப் புத்தி வந்தது. அதற்குப் பிறகு எவனுக்கும் பாடு விட்டதில்லை என்று நான் கதையை முடித்தேன்.

"அதெல்லாம் இல்ல பெரிம்மா," என்றாள், கேட்டுக்கொண்டே இறால் உரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஜமுனா. "மறுநாளும் தள்ளத்தான் போனாரு. அந்தோணி அண்ணந்தான், 'என்னால உன் வேல போவக் கூடாது'ன்னு சொல்லிட்டு தண்டவாளத்துக்கு அந்தாண்ட போயி நிக்கறாரு. இவரு இப்ப மரத்தடில பேச்சுக்கு ஆளில்லாம ஒண்டியாதான் நிக்கறாரு."