முகமூடிக்கு வாய் அசையாது

எடிட்டிங் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் என்னிடம் ஷார்ட்கட் கேட்கிறார்கள். நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

1. செங்கம் ரோட்டில் வேற்றுக்கிரகம்

பல வருஷம் கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்த நான், செங்கம் ரோட்டு மாடி அறையில் ஓடிய ஒரு யூடியூப் சேனலில் சேர்ந்தேன். ஸ்கிரிப்ட், எடிட்டிங் இரண்டும் என் தலையில். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ஒருவர் நம் படங்களைப் பார்த்துவிட்டுச் சந்தேகம் கேட்பார், அதுதான் நிகழ்ச்சி. பூமியில் எதுவும் தெரியாதவர் எதைக் கேட்டாலும் சிரிப்பு வரும் என்பது ஓனர் தயாளனின் நம்பிக்கை.

பச்சை ரப்பர் முகமூடிக்குள் இருந்தவள் செல்வி. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். முகமூடிக்கு வாய் அசையாது. வசனம் தப்பினால் வேறு குரலை மேலே போட்டுவிடலாம். அதைப் பெரிய வசதி என்று நினைத்திருந்தேன்.

2. கிணற்றுப் பேய்

அந்த வாரம் ஒரு பேய்க் காமெடிப் படம். புகுந்த வீட்டுக் கிணற்றில் விழுந்து செத்த மருமகள் பேயாக வருகிறாள். நாலு காமெடியன்கள் கட்டிலுக்கடியில் ஒளிகிறார்கள். பேய்க்கு எதற்குக் கொலுசு? சுவரில் நுழைகிறவள் ஏன் கதவைத் தட்டுகிறாள்? இதையெல்லாம் செல்வி சிரித்துக்கொண்டே கேட்டாள். கடைசிக் கேள்வியை எழுதியபோது எனக்கே கர்வமாக இருந்தது: ‘அவ்வளவு ஆழத்திலிருந்து ஏறி வரத் தெரிந்தவளுக்கு, விழுந்தபோது நீந்தத் தெரியாதா?’

செல்வி வாயைத் திறக்கவில்லை. இரண்டு டேக் வீணாய்ப் போனது. மறுநாள் பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தின் சத்தத்தில் ஷூட்டிங் நடக்காது. இன்றே முடிக்க வேண்டும் என்று தயாளன் கத்தினார். மூன்றாவது டேக்கில் முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“எங்கக்காவுக்கு நல்லா நீந்தத் தெரியும்ணா. எனக்குக் கத்துக்குடுத்ததே அவதான். கால் தவறி கிணத்துல விழுந்துட்டாளாம், மாமியார் வீட்ல சொன்னாங்க. ஸ்டேஷன்லயும் அதையே எழுதி முடிச்சிட்டாங்க. நாங்க கேட்டா யாரும் பதில் சொல்லல. இந்த மூஞ்சிய போட்டுக்கினு கேட்டாவது சொல்லுவாங்களா? இத வெட்டிடாதீங்கணா.”

கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது.

3. என் குரல்

தயாளன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பாவம்தான், நான் இல்லன்னல. ஆனா நம்மளது காமெடி சேனல்ணா. அத வெட்டிட்டு உங்க வாய்ஸ போட்டு விடுங்க.”

மறுத்திருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை. அப்போதைக்குத் தொல்லை முடிந்தால் சரி என்றிருந்தது. என் குரலைக் கீச்சென்று ஏற்றி, அந்த நீச்சல் ஜோக்கை அவள் முகமூடி மேல் ஒட்டினேன். பத்து நிமிஷ வேலை.

வீடியோ நன்றாக ஓடியது. ஜோக் முடிந்ததும் அவள் புறங்கையால் ரப்பர் கண்களைத் துடைப்பாள். முகமூடி போட்டிருப்பதையே மறந்துபோய் அழுதிருக்கிறாள். ‘டைமிங் செம’ என்று கமெண்டில் எழுதினார்கள்.

செல்வி அப்புறம் வேலைக்கு வரவில்லை. போன் செய்தேன். “பாத்தேண்ணா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

வெட்டுவதற்கு முன் முழுக்கக் கேளுங்கள் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம்தான். ஆனால் நான் முழுக்கக் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் வெட்டினேன்.