அண்ணன் தூங்கவில்லை

காவல் முறையில் தூங்கிப்போனதால் அண்ணனை வளைகுடாவிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று நம் சொந்தபந்தத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிவருகிறோம். அது பொய். அன்று தூங்கியவன் நான். விசாரணையில் பழியை இன்னொருவர்மேல் போட்டவனும் நான்தான்.

இதை இந்த நினைவு மலரில் எழுத வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். “சித்தப்பா, செத்தவர் காரியத்துல எதுக்கு இந்தப் பேச்சு?” என்றான் அண்ணனின் மூத்த மகன். அண்ணன் காரியத்தில் பேசாமல் இதை வேறு யார் காரியத்தில் பேசுவது? இது அவருடைய மலர். இதில் அவர் பெயர் சுத்தமாக நிற்க வேண்டும். என் பெயர் எப்படி நின்றாலும் சரி.

அண்ணன் ராமநாதபுரம் சீமையில், கண்மாய் பெருகிய வருடம் மட்டும் விளைகிற ஊரில் பிறந்தார். அப்பா இறந்தபோது அண்ணனுக்கு மீசை அரும்பவில்லை. பள்ளியை விட்டுவிட்டு மதுரையில் ஒரு பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டார். அவர் கண்ணில் தெறித்த பொறியில்தான் நான் பி.ஏ. படித்தேன். எழுபதுகளின் பிற்பாதியில் பம்பாய் ஏஜென்ட் ஒருவர் மூலம் அபுதாபி போனார். அங்கே ருவைஸில் எண்ணெய் ஆலை கட்டத் தொடங்கியிருந்த காலம். கொஞ்ச நாளில் அண்ணியின் தம்பி கருப்பையாவையும் அங்கே வரவழைத்துக்கொண்டார். பிறகு என்னையும். கருப்பையா ஹெல்பர். நான் டைம்கீப்பர், சட்டையில் எண்ணெய் படாத வேலை. அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது. பின்னால் நடந்தது எல்லாவற்றுக்கும் அதுவே காரணம்.

கேம்ப் முழுவதும் பிளைவுட் அறைகள். ஒவ்வொரு அறையிலும் மண்ணெண்ணெய் அடுப்பு. கம்பெனியின் குழாய்க்கும் சிமென்டுக்கும் வாட்ச்மேன் உண்டு, நாங்கள் தூங்கும் அறைகளுக்குக் கிடையாது. டியூட்டி முடிந்து வந்தால் யாராவது ஒருவர் பெட்டி உடைந்து கிடக்கும். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய வளையல் போயிருக்கும், அல்லது ரேடியோ. அண்ணன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கேம்ப் பாஸிடம் போய்க் காவலுக்கு ஒருவரைக் கேட்டார்.

“மாஃபி, கிடையாது. உங்க தகரப் பெட்டிக்கு வாட்ச்மேனா? யல்லா, டியூட்டிக்குப் போ.”

“குழாய் போனா வேற குழாய் வரும். ரூமுக்குள்ள ஆள் வெந்து செத்தா வேற ஆள் வருவானா?”

“வருவான்,” என்றார் கேம்ப் பாஸ்.

திரும்பி வரும்போது எங்களோடு வந்த தச்சர் பர்மின் சிரித்தார். அவர் இந்தோனேசியாவில் ஜாவாக்காரர். ஹஜ்ஜுக்கு வந்தவர் ஊர் திரும்பாமல் அரபு நாட்டிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அண்ணனுக்கு நெருங்கிய நண்பர். எல்லோரையும்போல் கேம்ப் ஹிந்தியில் பேசுவார். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“யாரோ வந்து காப்பாத்துவாங்கன்னு எங்க ஊர்ல யாரும் காத்திருக்க மாட்டோம் பாய்.”

அவருடைய ஊர் மலைச்சரிவில் படிப்படியான வயல்களுக்கு நடுவில் இருக்கும் சின்ன ஊர். போலீஸ் ஸ்டேஷன் எங்கோ தொலைவில். இருக்கிற சொத்து ஒரு மாடு, பரணில் கொஞ்சம் நெல். காவலுக்கு வீட்டுக்கு ஓர் ஆள் முறை வைத்து வருவார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு மூங்கில் குவளை தொங்கும். இருட்டும் நேரத்தில் வீட்டுக்காரி அதில் ஒரு கிள்ளு அரிசி போடுவாள். ஜிம்பித்தான் என்று அதற்குப் பெயர். காவல் சுற்றி வருகிறவர்கள் அந்த அரிசியை எடுத்துக்கொண்டே போவார்கள். விடிந்து பார்க்கும்போது குவளையில் அரிசி அப்படியே இருந்தால் காவல் அந்த வாசலுக்கு வரவில்லை என்று அர்த்தம். வீட்டுக்காரி தெருவில் இறங்கிச் சத்தம் போடுவாள். சேர்கிற அரிசி நோய் கண்ட வீட்டுக்கும் சாவு விழுந்த வீட்டுக்கும் போகும். காவல் குடிசையில் குடைந்த மரக்கட்டை ஒன்று தொங்கும். மாட்டைத் திருடன் ஓட்டிப்போனால் அதை அடிப்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுத்த ஊர்க் கட்டை அடிக்கும், அதற்கடுத்த ஊர்க் கட்டையும் அடிக்கும். திருடன் எந்தப் பாதையில் இறங்கினாலும் ஆள் நிற்கும்.

“வீட்டுக்குப் பூட்டு?” என்று கேட்டார் கருப்பையா.

“எதுக்கு? அதான் அரிசி இருக்கே.”

அந்த வாரமே அண்ணன் ஒவ்வொரு அறை வாசலிலும் பால்பவுடர் டின்னைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். மரக்கட்டைக்குப் பதில் ஒரு துண்டுக் குழாய், அடிக்க ஒரு ஸ்பேனர். மலையாளி, பாகிஸ்தான் பட்டாணி, தமிழன் என்று பார்க்காமல் ஜோடி ஜோடியாக முறை போட்டார். கேம்ப் பாஸுக்குப் பிடிக்கவில்லை. டின்களை அவிழ்க்கச் சொன்னார். “ரூமுக்குள்ள தூங்குறது நாங்க. வாசல்ல டின் தொங்கும்,” என்றார் அண்ணன். டின் தொங்கியது, திருட்டு நின்றது. சேர்ந்த அரிசியில் காய்ச்சல்காரர்களுக்குக் கஞ்சி வைத்தோம்.

கேம்ப் பாஸுக்கு மிஞ்சியது கேலி மட்டும். “ஃபக்கீருங்க கிளம்பிட்டாங்க” என்பார். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அது தைத்தது. பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக அரிசி வாங்குகிறவன் யார் என்று நம்மூரில் சொல்லத் தேவையில்லை. பட்டதாரியான நான் பட்டாணிக்காரன் வாசலில் நின்று டின்னைக் கவிழ்ப்பதா? என் முறை வரும் நாளில் எனக்குச் சோறு இறங்காது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜோடியாக வருபவரை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் படுக்க அனுப்பிவிடுவேன். இருட்டியதும் எல்லோரும் மைதானத்தில் திரைகட்டிப் படம் பார்க்கும் நேரத்தில், யார் கண்ணிலும் படாமல் டின்களைக் காலிசெய்துவிடுவேன். பிறகு சைட் ஆபீஸில் ஏ.சி.யைப் போட்டுப் படுத்துக்கொள்வேன். காலையில் டின்கள் காலியாக இருக்கும். காவல் வந்துபோனதாக எல்லோரும் நம்புவார்கள்.

அன்று எனக்கு ஜோடி பர்மின். அவருக்குக் கடுங்காய்ச்சல். “நீங்க படுங்க பாய், நான் பாத்துக்கிறேன்” என்றேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். டின்களைக் காலிசெய்தேன். பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். ஆபீஸுக்குப் போய்த் தூங்கினேன்.

யாரோ அணைக்காமல் விட்ட அடுப்பிலிருந்து தீ பிடித்தது. சுற்றி வந்திருந்தால் ஜன்னலில் வெளிச்சம் தெரிந்திருக்கும், குழாயை அடித்திருக்கலாம். குழாயை அடிக்க ஆள் இல்லை. ஒரு வரிசை அறைகள் போயின. உயிர் போகவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட ஒருவரை இழுத்துப்போட எரிகிற கதவைக் கையால் பெயர்த்தவர் கருப்பையா. அவருடைய இரண்டு கைகளும் வெந்துபோயின. விடியுமுன் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டதால் விசாரணையில் அவர் இல்லை.

காலையில் கேம்ப் பாஸ் எங்களை வரிசையாக நிறுத்தினார். “வாட்ச் யாரு? ஜல்தி சொல்லு.”

“பர்மின்,” என்றேன். “நான் ஆபீஸ்ல டைம்ஷீட் வேலையா இருந்தேன்.”

பர்மின் என்னைப் பார்த்தார். “எனக்குக் காய்ச்சல். தம்பி போறேன்னு சொன்னாரே?”

“நான் அப்படிச் சொல்லலை.”

கேம்ப் பாஸ் பர்மினைப் பார்த்துக் கையை வீசினார். “கலாஸ், முடிஞ்சுது. ஊருக்குப் போ.”

அண்ணன் வரிசையிலிருந்து வெளியே வந்தார். முகம் முழுக்கக் கரி. “இந்தக் காவலை ஆரம்பிச்சவன் நான். அவரை அனுப்பினா என்னையும் சேர்த்து அனுப்புங்க.”

“பைத்தியமா? நீ நல்ல வெல்டர்.”

“நல்ல வெல்டர்தான். அதனாலதான் சொல்றேன். ரெண்டு டிக்கெட் போடுங்க.”

போட்டார்கள். நான் விமான நிலையத்துக்குக்கூடப் போகவில்லை. டியூட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

நான் அங்கேயே இருந்தேன். பதவி உயர்ந்தேன், வீடு கட்டினேன். அண்ணன் ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் வெல்டிங் பட்டறை வைத்தார். “காவலுக்கு நின்னவன் தூங்கிட்டான், மச்சினன் கை வெந்துபோச்சு” என்று ஊர் பேசியது. அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கருப்பையா வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. அண்ணன் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் நாற்காலி காலியாகக் கிடந்தது. அண்ணி பிறந்த வீட்டு வாசலை மிதிக்காமல் கிழவியானார். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் வீட்டு இரும்புக் கேட் அண்ணன் செய்தது. அவரைத் தூங்குமூஞ்சி என்று பேசிவிட்டு, அவர் செய்த கேட்டைப் பூட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினீர்கள். கோபம் வந்தால் வரட்டும். உங்களைவிட என்மேல் எனக்குக் கோபம் அதிகம்.

ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகுதான் அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் வந்தது. பட்டறையில் கேட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“தெரியும்டா.”

“எப்படிண்ணே?”

“படம் முடிஞ்சு ரூமுக்கு வந்தேன். உன் கட்டிலுக்கடியில அரிசிப் பை ரொம்பியிருந்துச்சு. காவல் ஆரம்பிக்கிற முன்னாடியே பை எப்படிடா ரொம்பும்? சரி, சோம்பேறித்தனம், காலையில நாலு போடுவோம்னு படுத்துட்டேன். அப்பவே உன்னைத் தேடிப் பிடிச்சு விரட்டியிருந்தா கருப்பையா கை நல்லாயிருக்கும்.”

“அங்க வரிசையில ஏண்ணே சொல்லலை?”

“சொன்னா உன்னை அனுப்பிருவான். பர்மினை நான் காப்பாத்தியிருக்கலாம். என் தம்பியா, அவனான்னு நின்னப்ப உன்னைத் தேர்ந்தெடுத்துட்டேன். அது என் தப்பு. அதான் அவன்கூடப் போனேன். அதுக்கு மேல எனக்குத் துணிச்சல் வரல.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவன்கிட்டப் போய்ச் சொல்லு. என் தப்பையும் சேர்த்துச் சொல்லு.”

அண்ணனுக்கு அப்போதே இதயம் பலவீனம், பயணம் கூடாது. நான் மட்டும் போனேன். ரம்ஜானுக்கும் பொங்கலுக்கும் இருவரும் வாழ்த்து அனுப்பிக்கொள்வார்கள் என்பதால் முகவரி இருந்தது.

பர்மின் சொன்ன ஊர் அப்படியே இருந்தது, சரிவில் வயல்களும் ஓட்டு வீடுகளுமாக. மூங்கில் குவளைக்குப் பதில் வாசல்களில் பிளாஸ்டிக் குவளைகள் தொங்கின. பர்மின் முட்டிவலியோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். கேம்ப் ஹிந்தி இருவருக்கும் மறந்திருக்கவில்லை. முதலில் அண்ணனைப் பற்றிக் கேட்டார். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணன் சொல்லச் சொன்னதையும் சேர்த்து.

“இங்க வந்தப்ப உங்களை என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“காய்ச்சல்ல படுத்திருந்தேன்னு சொன்னேன். சரின்னாங்க. வேற என்ன சொல்லுவாங்க?”

அந்தச் சின்ன ஊர் தன் ஆளை நம்பியது. நாம் நம்பவில்லை.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. உள்ளே பார்த்து எதையோ கேட்டார். பேத்தி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தாள். “இன்னிக்கு எங்க வீட்டு முறை. என் கால் ஒத்துழைக்காது. நீ போ. படிச்சவனாச்சே, அரிசி எடுக்கத் தெரியுமா?”

அவருடைய பக்கத்து வீட்டுக்காரரோடு போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று குவளையைப் பையில் கவிழ்த்தேன். ஒரு வீட்டு ஜன்னலில் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நன்றாகச் சிரிக்கட்டும் என்று அங்கேயே கொஞ்சம் கூடுதலாக நின்றேன். விடிந்ததும் பர்மின் கம்பை ஊன்றிக்கொண்டு தெருவில் இறங்கினார். ஒவ்வொரு குவளைக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தார். எல்லாம் பார்த்து முடித்து, “அச்சா,” என்றார். அதன் பிறகுதான் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

திரும்பி வந்து சொன்னபோது அண்ணன் கேட்டது ஒன்றுதான்: “எந்த வாசலையும் விட்டுடலியே?” இல்லை என்றேன். “அப்ப ஊர்ல ஒரு வாசல் பாக்கி இருக்கு,” என்றார். கருப்பையாவின் வீட்டு வாசலைத்தான் சொன்னார். போகிறேன் என்று சொல்லிச் சொல்லி வருடங்களைக் கடத்தினேன். போன ஆண்டு மழைக்காலத்தில் அண்ணன் படுக்கையில் விழுந்தார். கடைசி நாட்களிலும் பட்டறைப் பையன்களைக் கட்டிலருகே நிற்கவைத்து அவர்கள் செய்த வேலையில் குறை சொன்னார். ஒரு காலைப்பொழுதில் அண்ணியிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

பதினாறாம் நாளுக்கு முன்பு நான் கருப்பையா வீட்டுக்குப் போனேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு விரல் மடங்காத கைகளை என் முன்னால் நீட்டினார். “இந்தக் கையால சோறு பிசைய முடியாது. ஸ்பூனாலதான் திங்கிறேன். இத்தனை வருஷமும் தப்பான ஆளைத் திட்டிக்கிட்டே தின்னுருக்கேன். எந்திரிச்சுப் போ.”

பதினாறாம் நாள் காரியத்தில் கூடியிருந்தவர்கள் முன்னால் எழுந்து இதையே சொன்னேன். சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் எழுந்து போனார்கள். அப்போது கருப்பையா அக்காவுக்குக் கோடிச் சேலையோடு உள்ளே வந்தார். படத்தின் முன்னால் நின்று “மச்சான்” என்றார். அந்த வீட்டில் அந்தச் சொல் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அண்ணி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். கருப்பையா பந்தியிலும் உட்கார்ந்தார். நான் பரிமாற வந்தபோது இலையை மூடினார்.

அண்ணனை இறுதிவரை பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், ஆஸ்பத்திரியில் முறைபோட்டு உட்கார்ந்த பட்டறைப் பையன்களுக்கும், தூரத்திலிருந்து இரங்கல் சொன்ன பர்மின் குடும்பத்துக்கும், துக்கத்தில் பங்குகொண்ட உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கருப்பையா இன்றுவரை என்னிடம் பேசவில்லை. போன மாதம் அண்ணி மூலம் ஒன்று மட்டும் சொல்லியனுப்பினார்: “காரிய வீட்டுல சொன்னது காத்தோட போயிரும். அச்சுல போடச் சொல்லு. எம் பேரன் படிக்கணும்.”

போட்டுவிட்டேன், மச்சான்.