வெயில் பாராத கதவு

நேசராஜா அத்தானிடம் போய், "வேலைக்கு ஒரு எல்.ஈ.டி. லைற் வாங்கப் போறன், எது நல்லது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அன்றைய அலுவல் கெட்டது. வாற்ஸைப் பார்த்து ஏமாறாதே, கறண்ட் எவ்வளவு குடிக்கும் என்பது வேறு, வெளிச்சம் எவ்வளவு தரும் என்பது வேறு என்று தொடங்குவார். சுவர் பூசுகிறவனுக்குச் சுவரோடு சரிந்து விழுகிற வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது என்பார். எஞ்சின் கழற்றுகிறவனுக்குக் காந்தத்தில் ஒட்டி நிற்கிற சின்ன லைற் போதும், மழைக்குள் வேலை செய்கிறவன் தண்ணீர் புகாததாகப் பார்த்து எடுக்கவேண்டும் என்று ஆளுக்கு ஆள் பிரித்துச் சொல்வார். பெயின்ற் அடிக்கிறவன் என்றால் குரல் மாறிவிடும். நிறத்தை உள்ளபடி காட்டுமா என்பதற்குப் பெட்டியில் ஓர் இலக்கம் இருக்கும், அது தொண்ணூறுக்குக் கீழே என்றால் தொட்டும் பார்க்காதே என்பார். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டால் முகம் கறுத்துப்போகும். எழும்பிப் போய்க் கொம்பிரசரைப் போட்டுவிடுவார். பிறகு நீங்கள் கத்தினாலும் கேட்காது.

அவர் சொல்லமாட்டார். நான் சொல்லுகிறேன். அவருடைய மனைவி பியாட்றிஸ் என் அக்கா. அவர்களுடைய மகளின் கலியாணத்தன்று காரை ஓட்டியவனும் நான்தான்.

சாவகச்சேரியில் வீதியோரம் தகரக் கொட்டிலில் அத்தானுடைய கராச். இடிபட்டு நெளிந்த வாகனங்களைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ற் அடிப்பது தொழில். கொழும்புத்துறையில் இருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். பழைய நிறத்தோடு புது நிறத்தை அவர் சேர்த்தால் எங்கே இடிபட்டது என்று சொந்தக்காரனுக்கே தெரியாது. அதற்கு அவர் நம்பியிருந்தது வெயிலைத்தான். நிறத்தைக் கலந்து ஒரு தகரத் துண்டில் பூசிக் காயவிட்டு, வெளியே கொண்டுவந்து வாகனத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். முகில் மறைத்தால் அது விலகும்வரை தகரமும் கையுமாக நிற்பார். "அத்தான், சூரியனுக்குச் சொல்லி அனுப்பட்டோ?" என்று நான் பகிடி பண்ணுவேன்.

இவ்வளவு கெட்டிக்காரனுக்குத் தன் தொழிலை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். சேர்ச்சில் புதிதாக யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "சின்னதாய் ஒரு பிஸ்னஸ்" என்பார். நகத்துக்குள் பெயின்ற் தெரியாமல் இருக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். எனக்கு எரிச்சலாக இருக்கும். களவா எடுத்தார்?

மகள் ஷரோன் இதற்கு நேர்மாறு. படித்த இடத்திலும் வேலை பார்த்த வங்கியிலும், "எங்கடை அப்பா கார் பெயின்ற் அடிக்கிறவர்" என்று கேட்காதவர்களுக்கும் சொல்லித் திரிந்தவள்.

அவளுக்கு ஜெபசீலனைக் கலியாணம் பேசினோம். தகப்பன் வின்சன்ற் மாஸ்ரர், மிஷன் பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்து இளைப்பாறியவர். அவருடைய தகப்பனும் வாத்தியார், பாட்டனும் வாத்தியார். வீட்டில் பியானோ இருக்கிறது, அதை வாசிக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்குப் போனால் அத்தான் கதிரையின் நுனியில் இருப்பார். தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார். அவர்கள் ஒருநாளும் அவரைக் குறைவாக நடத்தவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாஸ்ரரிடம் தகப்பன் விட்டுப்போன 'ஏ போட்டி' என்கிற பழைய ஆங்கிலேயக் கார் ஒன்று இருந்தது. தந்தம் போன்ற வெண்மஞ்சள் நிறம். கலியாணத்துக்குச் சில நாட்களுக்கு முன்னர் ஓர் ஓட்டோக்காரன் அதன் இடதுபக்கப் பின்கதவில் இடித்துவிட்டான். மாஸ்ரர் காரைக் கராச்சுக்கே கொண்டுவந்து விட்டார்.

"நேசராஜா, உங்கடை கையாலை இதைச் சரிப்பண்ணித் தாங்கோ. பிள்ளை இதிலையே சேர்ச்சுக்கு வரட்டும்."

அத்தானுக்குத் தலைகால் தெரியவில்லை. அந்தக் கதவு நன்றாக வந்தால் அந்த வீட்டில் தான் நிமிர்ந்து இருக்கலாம் என்று ஒரு எண்ணம் அவருக்குள் விழுந்துவிட்டது. என்னிடம் வாய்விட்டே சொன்னார். "எமில், இதொண்டு வடிவாய் வந்தால் காணும்."

ஆனால் மார்கழி மழை விடவில்லை. கொட்டிலின் முன்பக்கம் முழுவதும் தறப்பாள் கட்டி, உள்ளே பட்டப்பகலிலும் இருட்டு. வெயிலைக் காத்திருந்தால் கலியாணம் முடிந்துவிடும் என்று, நல்ல லைற் ஒன்று வாங்க யாழ்ப்பாணம் புறப்பட்டார். அக்காவுக்கும் ரவிக்கை தைக்கக் கொடுத்த இடத்தில் அலுவல் இருந்தது. மூன்று பேருமாகப் போனோம்.

கடையில் அவர் கையை வைத்தது இருந்ததிலேயே பெரியதில். காலுள்ள ஸ்ராண்ட், அதன் தலையில் இரண்டு விளக்கு. போட்டதும் கண் கூசியது. பெட்டியில் 'டேலைற்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

"பகல் வெளிச்சம் எண்டே போட்டிருக்கிறான். இதுக்கு மேலை என்ன வேணும்?" என்றார்.

அக்கா ரவிக்கைத் துணியைப் பையில் இருந்து எடுத்து அந்த வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு கடை வாசலுக்குப் போய் அங்கே ஒருதரம் பிடித்துப் பார்த்தாள். சீலைக்கடையில் எல்லாப் பெண்களும் செய்கிற வேலைதான்.

"இஞ்சேருங்கோ, இந்த லைற்றிலை என்ரை மெரூன் மண்ணிறமாய்த் தெரியுது. வாசல்லை சரியாய் இருக்குது. உங்களுக்கு நிறம் பாக்க உது சரிவராது."

கடைக்காரர் சிரித்தார். அத்தானுக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை.

"நீ சீலையைப் பார். லைற்றை நான் பாக்கிறன்."

கடை முழுக்கக் கேட்கச் சொன்னார். அக்கா துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். வரும் வழியெல்லாம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கெட்டிக்காரனுக்குப் புத்தி சொல்ல எனக்கென்ன வந்தது என்று நினைத்தேன்.

வேலை நடந்தது. பட்டி பூசினார், தேய்த்தார், திரும்பவும் தேய்த்தார். நிறத்தைக் கலந்து தகரத்தில் பூசி அந்த விளக்குக்குக் கீழே பிடித்தபோது தகரமும் காரும் ஒன்றாகவே இருந்தன. நானும் பார்த்தேன், இம்மியும் வித்தியாசம் இல்லை. கதவை அடித்து முடித்தபோது அது கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு பொட்டு வெயில் அதில் படவில்லை.

கலியாணத்தன்று விடியவே காரை வீட்டு வாசலில் பந்தலுக்குள் கொண்டுவந்து விட்டேன். வானம் மப்பு. பூக்கட்ட வந்த பெண்களும் ஒன்றும் சொல்லவில்லை. ஷரோனையும் அத்தானையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். சேர்ச் வாசலில் நிறுத்தவும், அவ்வளவு நாளும் ஒளித்திருந்த வெயில் பளீரென்று அடித்தது.

நான் இறங்கி, பெண் இறங்கும் இடதுபக்கத்துக்குச் சுற்றி வந்தேன். கார் முழுவதும் தந்த நிறம், அந்த ஒரு கதவு மட்டும் பச்சை ஓடிய மஞ்சள். பாசி பிடித்த நிறம் என்று சொல்லலாம். இம்மியளவு வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம், இது வீதிக்கு அந்தப் பக்கம் நின்றாலே தெரிந்தது.

அத்தான் மற்றப் பக்கத்தால் இறங்கி வந்து பார்த்தார். அவர் முகத்தில் இரத்தம் இல்லை.

மாப்பிள்ளை பக்கத்து ஆட்கள் காரைச் சூழ்ந்தார்கள். கனடாவில் இருந்து வந்திருந்த மாமி ஒருத்தி வாயில் கை வைத்தாள்.

"ஐயோ கடவுளே, கதவுக்கு என்ன நடந்தது? உது ஆர் அடிச்சது?"

மாஸ்ரர் அத்தானைப் பார்த்தார். கோபமாக இல்லை, சும்மா பார்த்தார். அத்தானின் கைகள் பின்னால் போயின.

"நான் இல்லை மாஸ்ரர். கலியாண அலுவலுக்குள்ளை நேரம் கிடைக்கேல்லை. கொடிகாமத்திலை ஒருத்தனிட்டைக் குடுத்தனான். அவன் உப்பிடிச் செய்துபோட்டான்."

இறக்கிய யன்னலுக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் ஷரோன் இருந்தாள். முகத்திரைக்குள் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. நான் கதவைத் திறந்தேன். அவள் இறங்கித் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை. அங்கே ஒரு குழி இருந்திருந்தால் நான் இறங்கியிருப்பேன். கதவுக்காக அல்ல, அவர் சொன்ன பொய்க்காக.

ஆராதனை முடிந்து எல்லோரும் மண்டபத்துக்குப் போனோம். கேக் வெட்டிய பிறகு மாஸ்ரர் வரவேற்றுப் பேசினார். நன்றாகப் பேசக்கூடியவர். பாடகர் குழுவுக்கு நன்றி சொன்னார், சமையல்காரருக்கு நன்றி சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டு, "எங்கடை காருக்கு இரண்டு நிறம் குடுத்த கொடிகாமத்துப் பெயின்றருக்கும் நன்றி. சம்பந்தியே அடிச்சிருந்தால் இந்தப் பகிடி கிடைச்சிராது" என்றார். மண்டபமே சிரித்தது. அத்தானும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சற்றுப் பொறுத்து அத்தான் எழும்பிப் பின்பக்கம் கை கழுவுகிற இடத்துக்குப் போனார். சோடாப் பெட்டி இறக்கிக்கொண்டு நானும் அங்கேதான் நின்றேன். கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினார். ஷரோன் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா."

"ஏனம்மா எழும்பி வந்தனீ? ஆக்கள் பாப்பினம்."

"அவை சிரிக்கேக்கை நீங்களும் சிரிச்சனீங்கள்."

அவர் திரும்பவும் கையைக் குழாய்க்குக் கீழே நீட்டினார்.

"நான் இனி அந்த வீட்டிலை இருக்கப்போறன் அப்பா. அந்தக் காரைக் காணுற ஒவ்வொருத்தரும் கொடிகாமத்தானைப் பற்றிக் கேப்பினம், சிரிப்பினம். நானும் பக்கத்திலை நிண்டு சிரிக்கவேணும். அவை சிரிக்கிறது என்ரை அப்பாவைப் பாத்து எண்டு எனக்குத் தெரியும். என்னாலை ஏலாது."

"நான் என்னம்மா செய்யிறது? எனக்கு வெக்கமாய்ப் போச்சு."

"கதவு பிழைச்சது எனக்கு ஒண்டுமில்லை. பிழைச்சதைச் சொல்ல ஏலாமல் போச்சே, அதுதான்..." அவள் முடிக்காமல் மேடைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அவர் குழாயைப் பூட்டவில்லை. நான்தான் பூட்டினேன். என்னைப் பார்த்தார்.

மாஸ்ரர் மேடைக்குக் கீழே யாருடனோ கதைத்துக்கொண்டு நின்றார். அத்தான் நேரே அவரிடம் போனார். நான் பின்னால் போனேன்.

"மாஸ்ரர், அந்தக் கதவு நான் அடிச்சது. கொடிகாமத்திலை ஒருத்தருமில்லை. லைற்றை நம்பி வெயிலிலை பாக்காமல் விட்டிட்டன். கேட்ட உடனை பொய் சொல்லிப்போட்டன்."

மாஸ்ரரின் முகம் மாறிய மாதிரியை நான் இப்போதும் நினைப்பேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவருடைய காதுவரை சிவந்தது.

"ஐயோ நேசராஜா. நான் மைக்கிலை, இவ்வளவு சனத்துக்கு முன்னாலை, உங்களைப் பகிடி பண்ணிப்போட்டனே."

"நீங்கள் தெரியாமல் சொன்னது."

"நான் போய் மாறிச் சொல்லுறன்." அவர் மேடைப் படியில் கால் வைத்தார். அத்தான் அவருடைய கையைப் பிடித்தார். பெயின்ற் ஏறிய நகம், மாஸ்ரரின் வெள்ளைச் சட்டைக் கையில்.

"வேண்டாம் மாஸ்ரர். பொய் சொன்னது நான்."

அத்தான் தன் வாழ்நாளில் மைக் பிடித்தவர் அல்ல. சேர்ச்சில் அறிவித்தல் வாசிக்கக் கேட்டாலே தலைவலி என்று வீட்டில் நின்றுவிடுவார். அவர் ஏறிப்போய் மைக்கைக் கையில் எடுத்தபோது அது கீச்சென்று கத்தியது. மண்டபம் திரும்பியது. அக்கா தட்டில் இருந்து தலையைத் தூக்கினாள்.

"மாஸ்ரர் சொன்ன கொடிகாமத்துப் பெயின்றர்," என்றார், "அது நான்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணின் தகப்பன் நல்லதொரு பகிடி விட்டார் என்று நினைத்து, கனடா மாமி கைகூடத் தட்டினாள். மேடையில் ஷரோன் மட்டும் சிரிக்காமல் தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். சிரிப்பு அடங்கும்வரை அசையாமல் நின்றார். பிறகு, ஒருவருக்கும் சந்தேகம் வராதபடி, அதையே இன்னொருமுறை சொன்னார்.