முகத்துவாரத்தில் ஆடிய வெள்ளை விரிப்பு

மாலை நாலேகாலுக்குச் செய்தி வந்தது. கலங்கரை விளக்கக் காவலர் டாலிவர் வாசலில் நின்றபடியே சொன்னார். என் தம்பி ஆசாவின் நீராவிக் கப்பல் முந்தாநாள் இரவு மூழ்கிவிட்டது. நாலு பேரோடு ஒரு சின்னப் படகு முகத்துவாரத்துக்கு வெளியே நிற்கிறது. துடுப்புப் போடுகிறவன் ஆசா மாதிரி தெரிகிறான்.

ஆசா பிண்டர் அந்தக் கப்பலில் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறவன். பதினோரு வருடமாக நகக்கண்ணில் கறுப்பு போனதில்லை. அந்தக் கையோடு சோளரொட்டியை எடுத்தால் திட்டுவேன். "காலேஜ்ல இதைத்தான் படிச்சியாக்கா?" என்பான்.

கரைக்கு ஓடினேன். காலையில் அசையாமல் கிடந்த கடல். மத்தியானம் கீழ்க்காற்று கிளம்பியதிலிருந்து மணல்திட்டின் மேல் அலைகள் சுவர்போல எழுந்து உடைந்துகொண்டிருந்தன. விடியும்வரை வெளியே காத்திருந்தால் பிழைக்கலாம். அது அவனுக்குத் தெரியாததல்ல. உள்ளே வராதேடா என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றேன். படகின் மூக்கு கரைப்பக்கம் திரும்பியது. திட்டின் மேல் ஓர் அலை அதைக் கவிழ்த்தது.

மூன்று பேர் தவழ்ந்து வந்தார்கள். ஆசாவின் உடலை அலை பிறகு கொண்டுவந்து போட்டது.

மூவரில் ஒருவர் பத்திரிகைக்காரர், இளைஞர். டாலிவர் போர்த்திவிட்ட கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"காத்திருக்கலாம்னுதான் நாங்க சொன்னோம். அவர்தான், 'அதோ வெள்ளை ஆடுது பாருங்க, அது எங்க வீடு. எங்க அக்கா தப்புப் பண்ணமாட்டா'ன்னார்."

எங்கள் ஊரில் மணல்திட்டில் அலை கொந்தளிக்கும் நாளில் யாரும் வெள்ளைத் துணியை வெளியே விடுவதில்லை. கடலிலிருந்து வெள்ளை தெரிந்தால், தாண்டி வரலாம் என்று அர்த்தம்.

திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்தேன்.

மறுவருடம் அந்தப் பத்திரிகைக்காரர் அதைக் கதையாக எழுதினார். இன்று பள்ளிக்கூடங்களில் படிக்கிறார்கள். நானே பாடம் நடத்தியிருக்கிறேன். கரையில் ஒரு வெள்ளைத் துணி கை அசைத்துக் கூப்பிட்டது என்று அதில் ஒரு வரி வரும். அழகான வரி என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்த இடத்தில் நான் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

அன்று மத்தியானம் காற்று திரும்பியதுமே, கொடியில் காய்ந்த வெள்ளை விரிப்பை எடுக்கத்தான் போனேன். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது, உள்ளே ஓடினேன். பிறகு திருத்த வேண்டிய நோட்டுகளோடு உட்கார்ந்துவிட்டேன். கொடியில் நாலு மரக் கவ்விகள். இரண்டைத்தான் எடுத்திருந்தேன்.