வகுப்பு என்றொரு கட்டம்

ஒரே சொல்லை இரண்டு கட்டங்களில் அச்சடித்துவிட்டு, இரண்டிலும் வெவ்வேறு பதிலை எதிர்பார்த்தவர் தவறு செய்தவரா? இரண்டிலும் ஒரே பதிலை எழுதியவர் தவறு செய்தவரா? இந்தக் கேள்வியை நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். ஏற்கெனவே ஒருமுறை ஒரு வரிசையே சிரித்துவிட்டது. ஓர் ஆயுளுக்கு அது போதும்.

சென்ற வாரம் தேரடி வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துக் கணினியில் ஒரு பெண் பி.எட். படிப்புக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லச் சொல்லக் கடைக்காரர் தட்டினார். "கம்யூனிட்டி?" என்றார். சொன்னாள். திரையில் ஒரு பட்டியல் இறங்கியது. அதில் ஒன்றைத் தொட்டார். அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாழ்க்கை ஓர் ஆபத்தான திருப்பத்தைத் தாண்டிவிட்டது அவளுக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. நான்தான் எட்டிப் பார்த்து, சரியானதைத் தொட்டாரா என்று உறுதிசெய்துகொண்டேன்.

இயந்திரத்திலிருந்து சூடாக வந்த தாளின் வாசனை எப்போதும் எனக்குக் கோந்து வாசனையை நினைவூட்டும். நான் விண்ணப்பித்த நாளில் எல்லாமே ஒட்டுவதும் தைப்பதும்தான். நிழற்படத்தை ஒட்ட வேண்டும். நகல்களை நூலால் கோக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பச்சை மையில் ஓர் அரசு அதிகாரி கையெழுத்திட வேண்டும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், கீழ்பென்னாத்தூரில், அந்தத் தகுதியுள்ள பலரும் எப்போதும் கூட்டத்துக்குப் போயிருப்பார்கள். மாட்டாஸ்பத்திரி மருத்துவர் மட்டும் மாறாமல் இருக்கையில் இருப்பார். எங்கள் வட்டாரத்தில் ஒரு தலைமுறையின் பட்டங்களை உண்மையென்று உறுதிசெய்தவர் அவர்தான். என் மதிப்பெண் பட்டியலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"கணக்குல இவ்ளோ கம்மியா வாங்கிட்டு கணக்கு டீச்சராவா ஆவப்போற?"

"ஆமாங்க சார்."

"பரவால்ல. எனக்குக்கூட மாடுன்னா பயம்தான்" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். அந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த ஒரே ஊக்கமொழி அதுதான்.

கம்மிதான். நாற்பத்தாறு விழுக்காடு, பட்டத்தில் மூன்றாம் வகுப்பு. காரணம் சொல்லலாம், சொன்னால் தற்பெருமையாகிவிடும். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் தண்ணீர் கொடுக்கும் மாணவர் படையில் நான் முதல் ஆளாக இருந்தேன்; இரத்ததானம், மரக்கன்று, முதியோர் கணக்கெடுப்பு என்று எதையும் விட்டதில்லை. விட்டது பாடத்தை மட்டுமே. மெய்ப்பகுப்பாய்வு என்ற தாளில் நான் எழுதியதில் மெய்யும் இல்லை, பகுப்பாய்வும் இல்லை. சமூகத்துக்கு உழைக்கிறவளைச் சமூகம் எப்படியும் கைவிடாது என்று எனக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. நானே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால் கற்பிக்க வந்தது. எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம் நெடுநாளாகக் காலி. விளையாட்டு ஆசிரியர்தான் கணக்கும் எடுத்தார். கரும்பலகையில் அவரைப்போல் நேர்கோடு இழுக்க ஆளில்லை. கோட்டுக்கு அப்புறம் என்ன செய்வது என்பதில்தான் அவருக்கும் பிள்ளைகளுக்கும் சிக்கல். கல்லூரி முடித்த கையோடு ஒன்பதாம் வகுப்பின் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் போனேன். எனக்கு எதெல்லாம் ஒருகாலத்தில் புரியாமல் இருந்ததோ அதெல்லாம் எனக்கு நினைவிருந்தது. நன்றாகப் படித்தவர்களுக்கு இந்த நினைவு இருப்பதில்லை. மூன்றாம் வகுப்பின் ஒரே பயன் அதுதான் என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தலைமையாசிரியர் ஒருநாள் கூப்பிட்டார். "மேலருந்து யாராச்சும் வந்தா, பி.எட். இல்லாத பொண்ண எப்டி நிக்க வெச்சேன்னு கேப்பாங்கம்மா. ஒரு வருஷப் படிப்புதான. முடிச்சுக்கினு வா. பெற்றோர் கழகத்துல சொல்லி உன்னயே போட்டுடறேன். அதுவரைக்கும் வேற யாரையும் போடமாட்டேன்."

ஓர் ஆண்டு. நான் திரும்பி வருவதற்குள் அந்தப் பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு பாதிக்கு மேல் போய்விடும். ஆனாலும் கடைசித் தேர்வுக்கு முன் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மதிப்பெண் இடிக்கவில்லை. பொதுப்பிரிவுக்கு ஐம்பது வேண்டும்; எங்கள் சமூகத்துக்கு நாற்பத்து மூன்று போதும். நான் மூன்று அதிகம்.

விண்ணப்பம் தமிழில் இருந்தது. நகரத்தில் அப்போதிருந்த ஒரு கல்வியியல் கல்லூரி, பெயர் வேண்டாம். பெயர், தகப்பனார் பெயர், தாய்மொழி, மதம் ஆகியவற்றுக்குக் கீழே "வகுப்பு" என்று ஒரு கட்டம். பின் பக்கத்தில் "பட்டப்படிப்பில் பெற்ற வகுப்பு" என்று இன்னொன்று. அந்த நாட்களில் என் மனத்தில் மூன்றாம் வகுப்பு என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. உறவினர்கள் கேட்டார்கள், பேருந்தில் தோழிகள் கேட்டார்கள். படிவமும் அதையே கேட்பதாகத்தான் பட்டது. மறைக்கக் கூடாது என்று உறுதியான கையெழுத்தில் முதல் கட்டத்தில் "மூன்றாம் வகுப்பு" என்று எழுதினேன். பின் பக்கத்துக் கட்டத்தில், சொன்னதையே சொல்வானேன் என்று, "மேலே காண்க" என்று எழுதினேன். நேர்மையாக எழுதிவிட்ட திருப்தியில் அன்று நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தேர்வுப் பட்டியல் ஒட்டிய நாளில் அப்பாவும் வந்தார். மண்டியில் மல்லாட்டை மூட்டையை இறக்கிவிட்டு நேரே வந்ததால் தலைமுடியெல்லாம் நிலக்கடலைத் தூசி. பட்டியலில் என் பெயர் இல்லை. நீக்கப்பட்டோர் பட்டியலில் இருந்தது: தகுதி மதிப்பெண் இல்லை. மாற்றுச் சான்றிதழை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால் சேர வந்தவர்களும் நீக்கப்பட்டவர்களும் ஒரே சன்னலின் முன் வரிசையில் நின்றோம்.

"எங்களுக்கு நாப்பத்திமூணு போதும்ல சார்? நான் நாப்பத்தாறு" என்றேன்.

எழுத்தர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "எங்களுக்குன்னா யாருக்கு?"

தாழ்ந்த குரலில் சமூகத்தின் பெயரைச் சொன்னேன். அவர் என் விண்ணப்பத்தை எடுத்து, தாழாத குரலில் வாசித்தார். "வகுப்பு: மூன்றாம் வகுப்பு." நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, நீ பி.எட். சேர வந்தியா, நாலாங்கிளாஸ் சேர வந்தியா?"

வரிசை சிரித்தது. பின் பக்கம் திருப்பினார். "பெற்ற வகுப்பு: மேலே காண்க. எங்கம்மா மேல காண்றது? மலையையா?"

இப்போது இன்னும் பலமாகச் சிரித்தார்கள். கடுகு நிறத் துப்பட்டா போட்ட ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியாமல் குலுங்கினாள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். அது நல்ல நகைச்சுவைதான்.

அப்பாவுக்கு மட்டும் விளங்கவில்லை. "இன்னாம்மா எழுதிட்ட?"

"வகுப்புனு கேட்டிருந்துச்சுப்பா."

"ஆமா. நம்ம வகுப்பு இன்னான்னுதான கேட்டிருக்கான்?"

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத அப்பாவுக்கு, வகுப்பு என்றால் சாதி என்பது அரை நொடியில் புரிந்தது. அவர் வாழ்நாளில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே இருந்ததில்லை. படித்ததால் அதற்கு இன்னொரு பொருள் இருப்பதாக நான்தான் நினைத்துக்கொண்டேன்.

"சாதி சர்ட்டிபிகேட் உள்ளயே இருக்குது சார்" என்றேன்.

"இருக்குது. நீ எழுதலியே. எழுதலன்னா பொதுவுல போட்டுடுவாங்க. பொதுவுல அம்பது வோணும்." சொல்லிவிட்டு அவருக்கே என்னவோ போலிருந்திருக்க வேண்டும், தாளை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"எழுதிக் குடுத்தா மாத்திடலாம்னு சொல்றாரு. ஆனா உங்க கோட்டால சீட்டு ரொம்பிடுச்சு. கடைசியா இருக்கற பொண்ணு உன்னவிட மார்க்கு கம்மி. அத எறக்கினாத்தான் உன்ன ஏத்த முடியும்." வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "வெண்ணிலா, செங்கம். வந்துக்கீதா?"

கடுகு நிறத் துப்பட்டாதான் முன்னால் வந்தது. எழுத்தர் இரண்டு வரியில் விவரத்தைச் சொன்னார். அவள் அவரிடம் கெஞ்சவில்லை. என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"அக்கா, சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க."

அவள் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் எழுதிக் கொடுத்திருப்பேன். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லியிருந்தால் என் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லியிருப்பேன். சண்டைக்கு வந்திருந்தால் சட்டம் பேசியிருப்பேன். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு, நான் எழுதும் மனு உரிமை கேட்பதாக இருக்குமா, சிரித்ததற்குத் தண்டனை கொடுப்பதாக இருக்குமா என்பது எனக்கே தெரியாமல் போயிற்று.

"எழுதும்மா" என்றார் அப்பா.

"அந்தப் பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சுப்பா?"

"நீ இன்னா தப்பு பண்ண?"

 நான் பேனாவை எடுக்கவில்லை. "வேணாம் சார்" என்றேன். எழுத்தர் தோளைக் குலுக்கிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். கீழ்பென்னாத்தூர் பேருந்தில் அப்பா முன் இருக்கையிலும் நான் பின் இருக்கையிலும் உட்கார்ந்து வந்தோம். பக்கத்தில் இடம் இருந்தது.

அந்த நாளின் செயலைப் பெருந்தன்மை என்று நான் நம்பிய காலம் ஏறத்தாழ இரண்டு மாதம். மாற்றுச் சான்றிதழைத் திரும்ப வாங்கப் போனபோது அதே எழுத்தர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாம்மா, மூணாங்கிளாஸ்" என்றார். இந்த முறை அன்போடுதான். சான்றிதழ்க் கட்டுக்குள் என்னுடையதைத் தேடிக்கொண்டே சொன்னார்: "அந்த செங்கத்துப் பொண்ணு நின்னுடுச்சும்மா. கல்யாணம் கட்டிக்கினு பெங்களூரு போயிடுச்சு. நாப்பது நாள்கூட வரல."

"அப்ப அந்த சீட்டு?"

"சும்மாதான் கெடக்குது."

"என்ன சேத்துக்கலாமா சார்?"

"அட்மிஷன் க்ளோஸ் ஆயிடுச்சே. அன்னிக்கே எழுதிக் குடுத்திருக்கலாம்ல. நான்தான் சொன்னனே." அவர் சொன்னது உண்மை. கையெழுத்துப் போட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டேன்.

வெண்ணிலாவை நான் குறைசொல்லவில்லை. அவளைக் கேட்டா திருமணத்தை முடிவு செய்திருப்பார்கள்? என் கசப்பு என்மேல்தான். விளைவுகளை எண்ணிப் பார்த்துச் செய்பவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அன்று அந்தச் சன்னலின் முன் இரண்டு பேரை மட்டுமே எண்ணினேன்: அவள் ஒன்று, நான் ஒன்று. நான் விட்டுக்கொடுத்தால் நட்டம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தெட்டுப் பேர் என் கணக்கில் வரவே இல்லை. அவர்களுடைய இடத்தையும் சேர்த்து நான் தானம் செய்துவிட்டேன். கணக்கு படித்தவள் செய்கிற பிழையா இது? மருத்துவர் என் மதிப்பெண்ணைப் பார்த்துச் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது.

தலைமையாசிரியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வேறு யாரையும் போடவில்லை. அதுதான் கொடுமை. நான் சேரவில்லை என்று அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவராகத் தெரிந்துகொள்வதற்குள் பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. அந்தப் பத்தாம் வகுப்பில் பாதிக்கு மேல் கணக்கில் தோற்றார்கள். அவர்களில் ஒருவன் இப்போது ரமணாசிரமம் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறான். நான் வேலை பார்க்கும் விடுதிக்குச் சவாரி வருவான். என்னை இன்னும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறான். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஆண்டு பி.எட். இரண்டாண்டுப் படிப்பாயிற்று. "ரெண்டு வருஷம்னா முடியாதும்மா" என்றார் அப்பா. அதில் கோபம் இல்லை. அந்தப் பிள்ளைகள் வெளியேறிய பிறகு ஊர்ப் பள்ளிக்கு வேறொரு கணக்கு ஆசிரியர் மாறுதலில் வந்தார். அந்தக் கல்லூரி சில ஆண்டுகளில் மூடப்பட்டது. சன்னல் இருந்த சுவரை இடித்துவிட்டு இப்போது துணிக்கடை கட்டியிருக்கிறார்கள். மூடப்படுவதற்கு முன், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அதன் விண்ணப்பத்தை என்னிடம் கொண்டுவந்து நிரப்பித் தரச் சொன்னாள். மதத்துக்குக் கீழே இருந்த கட்டத்தில் "வகுப்பு" இல்லை. "இனம்" என்று மாற்றியிருந்தார்கள். யாரோ ஒருவர் கவனித்திருக்கிறார். அவளுடைய இனத்தை எழுதி, பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்துக் கொடுத்தேன். அவள் சேர்ந்தாள். நான் அதன் பிறகு எந்த வகுப்பறைக்குள்ளும் போகவில்லை.