மூன்று செங்கல் அளவு பூர்வீகம்

மலேசியாவிலிருந்து பூர்வீகம் தேடி வருகிறவர்கள் பலரும் கோயில், குளம், வயல் என்று படம் போடுவார்கள். எங்களுக்கு வாய்த்தது நெய்வேலி. போன ஆடியில் நான், கணவர் சரவணன், எழுபத்தாறு வயது மாமனார் மூவரும் கிள்ளானிலிருந்து கிளம்பினோம். மாமாவின் அப்பா கோவிந்தன், இளவயதில் நெய்வேலிப் பக்கத்துப் புளியமேட்டை விட்டுக் கப்பலேறியவர். குலதெய்வம் பச்சைவாழியம்மனுக்கு ஒரு பொங்கல் வைத்துவிடு என்று சாகும்போது கேட்டுக்கொண்டாராம். மாமாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. இனித் தள்ளிப்போட முடியாது. எனக்குச் சாமி மேல் பெரிய பிடிப்பெல்லாம் இல்லை. ஆனால் பொங்கல் வைக்க வேண்டியவள் வீட்டு மருமகள்தானே, தப்ப வழியில்லை.

சென்னையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, வழியில் இட்லி சாப்பிட்டு, பத்தரைக்கு டவுன்ஷிப் சேர்ந்தோம். அறை 1,800 ரூபாய். உள்ளூரில் சுற்ற அன்வர் என்பவரின் கார், அரை நாளுக்கு 1,500.

ஊர்ப் பெயரைச் சொன்னதும் அன்வர் வண்டியைக் கிளப்பவில்லை.

"அந்த ஊரு இப்ப இல்லீங்களே. மைன்ஸுக்குள்ள போயி ரொம்ப வருசமாச்சு."

கிளம்பும் முன் யாரிடமும் ஒரு வார்த்தை விசாரிக்காத எங்களை என்னவென்று சொல்வது! அன்வர் சுரங்கம் தெரியும் ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தினார். படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும் பள்ளம். மாமா கிள்ளானிலிருந்து கொண்டுவந்த புதுப் பானையை மடியில் வைத்தபடி, "அப்பா குளிச்ச கிணறு எந்தப் பக்கம் இருந்திருக்கும்?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சனங்கள வேற எடத்துல குடி வச்சாங்க. சாமிய மட்டும் உட்டுட்டா வந்திருப்பாங்க? ஏறுங்க, பாப்போம்" என்றார் அன்வர்.

கம்மாபுரம் பக்கம் பதினான்கு கிலோமீட்டர். புளியமேட்டு ஜனங்கள் குடியேறிய இடத்தில், பச்சைவாழியம்மனுக்குத் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். பழைய இடத்துப் பிடிமண்ணை எடுத்துவந்து கட்டியது. அன்று திங்கட்கிழமை, இந்த அம்மனுக்குப் பொங்கல் வைக்கும் நாள்; பெண்கள் வரிசையாக அடுப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் விருந்தாளியாக வேலியோரம் மூன்று செங்கலை அடுக்கினேன்.

"யாரு வூட்டு மருமவ நீ?" என்றார் வரிசையிலிருந்த செல்வராணி அக்கா. மாமா தன் அப்பா பெயரைச் சொன்னார்.

"கப்பலுக்குப் போன கோயிந்தன் வூடா? அங்க ஏன் ஓரமா வைக்கிற? பழைய ஊர்ல எந்த வூட்டு அடுப்பு எங்க இருந்துச்சோ, அதே வரிசையிலதான் இங்கயும் வைக்கிறோம். எங்களுக்குப் பக்கத்துல ஒங்க எடம். யாரும் வரலன்னு நாங்கதான் கொஞ்சங் கொஞ்சமா நகந்துகினு வந்துட்டோம்."

சொல்லிக்கொண்டே தன் செங்கல்களைத் தள்ளி வைத்தார். ஒரு ஊரே பறிபோன மனிதர்கள், எங்களுக்கு இடம் விட்டுக்கொடுத்தார்கள். பால் பொங்கியபோது மாமா, "வச்சாச்சுப்பா" என்று சத்தமாகவே சொல்லி அழுதார்.

போகிறவர்களுக்கு: ஊர் இருக்கிறதா, இல்லையென்றால் ஜனங்கள் எங்கே குடிபோனார்கள் என்று முதலில் விசாரியுங்கள். கப்பலேறியவரின் பெயர், அவர் அப்பா பெயர் இரண்டும் தெரிந்திருக்கட்டும். திங்கட்கிழமை போங்கள். பானை உள்ளூரிலேயே கிடைக்கிறது, விமானத்தில் சுமக்க வேண்டாம்.

கிளம்பும்போது செல்வராணி அக்கா கேட்டார்: "அடுத்த ஆடிக்கு வருவீங்களா? இல்ல, நான் திரும்பவும் நகந்துக்கவா?"

மாமா தன் முழங்காலைப் பார்த்தார்.

"நகந்துடாதீங்கக்கா" என்றேன் நான்.